பேக்கப் இருந்தும் எழுந்திருக்காத சர்வர்! சனிக்கிழமை சம்பளம் சிக்கிக்கொண்ட கதை

திருப்பூர்:

தினமும் ராத்திரி தவறாமல் பேக்கப் எடுத்து வைத்திருந்தும், செத்துப்போன சர்வரை வேறு கம்ப்யூட்டரில் உயிர்ப்பிக்க முடியாமல் பனியன் கம்பெனி ஒன்றில் 70 தொழிலாளர்களின் வாரச் சம்பளம் சிக்கிக்கொண்டது. பேக்கப்பில் கோளாறு இல்லை. மாற்று கம்ப்யூட்டரிலும் கோளாறு இல்லை. புது மெஷின் பழசை விட கொஞ்சம் சின்னது, அவ்வளவுதான்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

சமீபத்தில் ஒரு சனிக்கிழமை காலை 11 மணி இருக்கும். கரண்ட் போய்விட்டு திரும்ப வந்தபோது வோல்டேஜ் எகிறியது. கம்பெனி ஆபீஸ் ரூமில் 'டப்' என்று ஒரு சத்தம். கூடவே கருகிய வாடை. யு.பி.எஸ். பேட்டரி சர்வீசுக்குப் போயிருந்ததால், அந்த 2 நாளாக சர்வரை நேரடியாக சுவர் பிளக்கில் சொருகி வைத்திருந்தார்கள். விதி!

பவர் சப்ளை போனதோடு நிற்கவில்லை. உள்ளே இருந்த 2 ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும் என்று ஜோடியாகப் போட்டிருந்த டிஸ்க்குகள் அவை. இரண்டும் ஒரே பெட்டிக்குள் ஒரே பவர் சப்ளையில் ஓடினால், போகும்போதும் ஜோடியாகத்தான் போகும்.

பீஸ் ரேட் கணக்கு, அட்வான்ஸ் பிடித்தம், பி.எப்., இ.எஸ்.ஐ. எல்லாமே அதற்குள்தான். டைலர் எத்தனை டஜன் தைத்தார், செக்கிங்கில் எத்தனை பீஸ் திரும்பியது என்ற கணக்கு வராமல் சம்பளக் கவர் போட முடியாது. சாயங்காலம் 6 மணிக்கு கவர் கொடுக்க வேண்டும். மளிகைக் கடை பாக்கி, வீட்டு வாடகை, சீட்டு என்று சனிக்கிழமை ராத்திரியை நம்பி இருப்பவர்களுக்கு திங்கட்கிழமை என்பது ரொம்ப தூரம்.

"பேக்கப் இருக்குதுங்கண்ணா, ஆனா..."

வழக்கமாக வரும் கம்ப்யூட்டர் சர்வீஸ் பையனை போன் போட்டு வரவழைத்தார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு எடுத்த பேக்கப் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. விண்டோஸ் சர்வரோடு இலவசமாக வரும் பேக்கப் புரோகிராம் மூலம் எடுத்தது. சிஸ்டத்தை அப்படியே முழுசாகப் படம் பிடித்து வைக்கும் வகை.

டெஸ்பாட்ச் செக்‌ஷனில் சும்மா கிடந்த ஒரு சாதா கம்ப்யூட்டரைத் தூக்கி வந்தார்கள். அதில் 8 ஜிபி ரேம், 480 ஜிபி எஸ்.எஸ்.டி. பழைய சர்வரில் 32 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஆனால் அந்த 1 டிபியில் நிஜமாகப் பயன்பாட்டில் இருந்தது 150 ஜிபி மட்டும்தான். 480ல் 150 நுழையாதா? தாராளமாக நுழையும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

நுழையவில்லை. ரெஸ்டோர் கொடுத்ததும், சிஸ்டம் டிஸ்க்கை மீட்க ஏற்ற டிஸ்க் எதுவும் இல்லை என்று ஸ்கிரீனில் ஒரு செய்தி. மறுபடி கொடுத்தாலும் அதேதான்.

"தம்பி, தினமும் பேக்கப் எடுக்கறமே, அப்புறம் என்னத்துக்கு இது?" என்று முதலாளி சத்தம் போட்டிருக்கிறார்.

"பேக்கப் நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா. டிஸ்க்குதான் சின்னதுங்க" என்று அந்தப் பையன் சொன்னதும் அவருக்குக் கோபம் இன்னும் ஏறியதாம்.

பீரோவும் வாசலும்

இதைப் புரிந்துகொள்ள ஒரு பீரோவை நினைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறும்போது 2 விதமாக சாமானைக் கொண்டு போகலாம். துணிமணியை மூட்டை கட்டி எடுத்துப் போகலாம். அல்லது துணியோடு பீரோவை அப்படியே தூக்கிப் போகலாம். மூட்டை எந்த வாசலிலும் நுழையும். ஆறரை அடி பீரோ 6 அடி வாசலில் நிமிர்ந்து நுழையாது. பீரோவுக்குள் 4 சேலைதான் இருக்கிறது என்று சொன்னாலும் வாசல் கேட்காது.

சிஸ்டம் பேக்கப் என்பது பீரோவைத் தூக்கும் வேலை. டிஸ்க்கில் எத்தனை பாகம், ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், எது எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று அத்தனையையும் அது குறித்து வைக்கிறது. திருப்பி எழுதும்போது அதே அளவு இடத்தைக் கேட்கிறது. இந்த விண்டோஸ் பேக்கப் முழு சிஸ்டத்தை மீட்க, பழைய டிஸ்க்கின் அளவோ அதற்கு மேலோ உள்ள டிஸ்க்கைத்தான் ஏற்கும். உள்ளே காலியாக இருப்பதை அது கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

ஏன் இப்படி வீம்பு பிடிக்கிறது? காரணம் இருக்கிறது. பைல்கள் டிஸ்க்கின் முன்பக்கமே வரிசையாக அடுக்கி இருக்காது. நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும். பீரோவின் மேல்தட்டில் 2 சேலை இருக்கிற மாதிரி. மேல்தட்டை அறுத்துப் போட்டால் அந்த சேலையும் போய்விடும். போதாக்குறைக்கு, ரிப்பேருக்கு என்று விண்டோஸ் ஒதுக்கும் சின்ன பாகம் பல மெஷின்களில் டிஸ்க்கின் கடைசி மூலையில் போய் உட்கார்ந்திருக்கும்.

குளோன்சில்லா என்ற இலவச புரோகிராமை நம்மூர் சர்வீஸ்காரர்கள் பலர் பயன்படுத்துகிறார்கள். தைவானில் உருவாக்கியது. அது காலி இடத்தை விட்டுவிட்டு, பைல் இருக்கும் பகுதியை மட்டும்தான் காப்பி எடுக்கும். அப்படி இருந்தும், திருப்பிப் போடும்போது டிஸ்க் சின்னதாக இருந்தால் வழக்கமான முறையில் அதுவும் மறுத்துவிடும்.

இதில் இன்னொரு கூத்து. பெட்டியில் 1 டிபி என்று போட்டிருப்பது கம்ப்யூட்டரில் 931 ஜிபி என்று காட்டும். 500 என்பது 465 ஆகும். 480 என்பது 447 ஆகும். கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது, அதனால் வரும் வித்தியாசம். ஏமாற்று இல்லை. ஆனால் '500 ஜிபி டிஸ்க்குக்குப் பதில் 480 எஸ்.எஸ்.டி. போட்டுக்கலாம், கிட்டத்தட்ட ஒண்ணுதானே' என்று கடையில் வாங்கி வருபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். சில எம்பி குறைந்தாலே ரெஸ்டோர் நின்றுவிடும்.

செல்போனில் இந்தத் தொல்லை இல்லை. 256 ஜிபி போனில் 60 ஜிபி விஷயம் வைத்திருப்பவர் 128 ஜிபி போனுக்கு மாறினால் எல்லாம் வந்து சேர்ந்துவிடும். போன் பேக்கப் என்பது மூட்டை கட்டும் வேலை. அதை வைத்து சர்வரையும் எடை போட்டதுதான் தப்பு.

சம்பளத்தை மட்டும் முதலில் பிடித்தது எப்படி?

மதியம் 3 மணி ஆகிவிட்டது. சர்வீஸ் பையன் ஒரு முடிவுக்கு வந்தார். அவர் நமது நிருபரிடம் கூறியதாவது:-

"அப்ப நமக்கு வேண்டியது சர்வர் இல்லீங்க, சம்பளக் கணக்கு. ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கணும். பேக்கப் டிஸ்க்குல ஒரு போல்டர் இருக்கும். அதுக்குள்ள சிஸ்டத்தோட படம் ஒரு பெரிய பைலா இருக்குதுங்க. வேற கம்ப்யூட்டர்ல அந்த பைலை ஒரு டிஸ்க் மாதிரியே திறந்து பார்க்க முடியும். படிக்க மட்டும்ங்கற முறையில திறக்கணும். இல்லாட்டி இருக்கிற ஒரே பேக்கப்பும் கெட்டுப்போக வழியிருக்குது. அதுக்குள்ள இருந்து டேட்டாபேஸ் பைலை மட்டும் காப்பி பண்ணிக்கிட்டேன்."

இவ்வாறு அவர் கூறினார்.

அந்த சாதா கம்ப்யூட்டரில் புதுசாக விண்டோஸ் போட்டு, சம்பள புரோகிராமை முதலில் இருந்து இன்ஸ்டால் செய்து, டேட்டாவைச் சேர்த்தார்கள். டேட்டாபேஸ் புரோகிராம் பழைய சர்வரில் இருந்த வெர்ஷனோ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும். பழைய வெர்ஷன் புதுசில் எழுதியதைத் திறக்காது. நல்லவேளை, அந்த சி.டி. மேனேஜர் டிராயரிலேயே இருந்தது. அது மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் இந்தச் செய்தியின் தலைப்பே வேறாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலையில் தைத்த கணக்கு பேக்கப்பில் கிடையாது. அதை லைன் சூப்பர்வைசர்களின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து 2 பெண்கள் உட்கார்ந்து அடித்தார்கள். ராத்திரி 8.40 மணிக்கு முதல் கவர் கை மாறியது. கடைசி பஸ்சைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பினார்கள்.

"எட்டரை வரைக்கும் நின்னுட்டே இருந்தோமுங்க. கம்ப்யூட்டர் செத்துப்போச்சுன்னாங்க. நாங்க தைச்சது சாகலையே?" என்றார் ஓவர்லாக் டைலர் ஒருவர். அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்த ஆபரேஷன்

சம்பளம் போனது. ஆனால் பில்லிங், பழைய ஆர்டர் பைல்கள், யாருக்கு எந்த பாஸ்வேர்ட் என்ற செட்டிங் எல்லாம் பழைய சிஸ்டத்தோடு இருந்தது. அதை முழுசாக மீட்கும் வேலை மறுநாள் ஆரம்பித்தது.

வழி இதுதான். சின்ன வாசலில் பீரோ நுழையாது. அதனால் முதலில் பெரிய வாசல் உள்ள வீட்டில் அதை இறக்க வேண்டும். பக்கத்து கம்பெனியில் இருந்து 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றை ஒரு நாள் கடன் வாங்கி, அதில் ரெஸ்டோர் கொடுத்தார்கள். இப்போது ஏற்றுக்கொண்டது. எழுதி முடிக்க சில மணி நேரம் ஆனது.

ஆன் செய்தால் நீலத் திரை! 7பி என்று முடியும் ஒரு எண். விண்டோஸ் எழுந்திருக்கப் பார்க்கிறது, ஆனால் தான் எந்த டிஸ்க்கில் இருக்கிறோம் என்பதே அதற்குத் தெரியவில்லை என்று அர்த்தம். பழைய சர்வரில் 2 டிஸ்க்கையும் ஜோடி சேர்க்கும் தனி கன்ட்ரோலர் இருந்தது. விண்டோஸ் அதன் டிரைவரைத்தான் தேடும். சாதா கம்ப்யூட்டரில் அது கிடையாது. சேப் மோடில் ஒருமுறை ஆன் செய்ததும் சாதா டிரைவரை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டது. எல்லா மெஷினிலும் இவ்வளவு சுலபமாக முடியாது. டிரைவரை பென் டிரைவில் வைத்து ஊட்ட வேண்டியும் வரலாம். பழைய மெஷின் பயாஸ் முறையில் ஓடியது, புதுசு யு.இ.எப்.ஐ. மட்டும்தான் என்றால் அது தனி தலைவலி.

அடுத்து பீரோவின் உயரத்தைக் குறைக்கும் வேலை. விண்டோசிலேயே பாகத்தைச் சுருக்க வசதி இருக்கிறது. ஆனால் நகர்த்த முடியாத பைல் ஒன்று எங்கே இருக்கிறதோ அதற்கு மேல் சுருங்காது. ரேம் போதாதபோது டிஸ்க்கைப் பயன்படுத்த வைத்திருக்கும் பேஜ் பைல், தூங்கவைக்கும் ஹைபர்னேட் பைல், நிழல் காப்பிகள் இவைதான் வழக்கமான முட்டுக்கட்டை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பார்த்தும் போதவில்லை. கடைசியில் ஜிபார்ட்டட் என்ற இலவச புரோகிராமை பென் டிரைவில் இருந்து ஓட்டி, விண்டோஸ் தூங்கும்போது வெளியே இருந்து சுருக்கினார்கள். 931 ஜிபி 300 ஜிபி ஆனது. அதன் பிறகு 480 ஜிபி எஸ்.எஸ்.டி.க்கு பாகம் பாகமாகக் காப்பி செய்து, பூட் ஆகும் பகுதியை மட்டும் சரிசெய்து கொடுத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தச் சுருக்கும் வேலையை பழைய சர்வர் உயிரோடு இருந்தபோதே செய்திருக்கலாம். 150 ஜிபி விஷயத்துக்கு 931 ஜிபி பாகம் எதற்கு? சிஸ்டத்துக்கு ஒரு சின்ன பாகம் பிரித்து, அதைத் தனியாக ஒரு சின்ன டிஸ்க்கில் வைத்திருந்தால், அதே அளவோ அதற்கு மேலோ உள்ள எஸ்.எஸ்.டி.யில் பேக்கப் இறங்கியிருக்கும்.

எழுந்த பிறகும் தகராறு

சர்வர் எழுந்ததும் எல்லோரும் கைதட்டினார்களாம். 10 நிமிஷத்தில் தட்டிய கை தலைக்குப் போனது. மற்ற கம்ப்யூட்டர்களுக்கு சர்வரே தெரியவில்லை. பழைய நெட்வொர்க் கார்டுக்குக் கொடுத்திருந்த ஐ.பி. நம்பர் புது கார்டுக்குத் தானாக வராது. புதுசு வேறு நம்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. லினக்ஸ் ஓடும் சர்வர்களிலும் இதே கதை உண்டு. கார்டு மாறினால் கார்டின் பெயரே மாறிவிடும், பழைய பெயருக்கு எழுதிய செட்டிங் தேடுவாரில்லாமல் கிடக்கும்.

அடுத்து ரேம். டேட்டாபேசுக்கு 24 ஜிபி வரை எடுத்துக்கொள்ளலாம் என்று பழைய சர்வரில் அனுமதி கொடுத்திருந்தார்கள். இப்போது மெஷினில் இருப்பதே 8 ஜிபி. 8 பேர் வீட்டில் ஒருத்தரே அண்டாவோடு சாப்பிட உட்கார்ந்த மாதிரி ஆகி, மற்ற புரோகிராம்கள் நகரவே இல்லை. அந்த அளவை 4 ஜிபிக்கு இறக்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

கடைசியாக லைசென்ஸ். மெஷினோடு சேர்ந்து வரும் விண்டோஸ் லைசென்ஸ் அந்த மெஷினுக்கு மட்டும்தான். தனியாக வாங்கியதை மாற்றிக்கொள்ளலாம். கணக்கு புரோகிராம்களிலும் சிலது கம்ப்யூட்டர் மாறியதைக் கண்டுபிடித்து ஓடாமல் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை யாருக்கு போன் போடுவது? செவ்வாய்க்கிழமைதான் எல்லாம் சரியானது.

பெரிய இடத்திலும் இதே கதைதான்

நம்மூர் கம்பெனிக்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. கிட்லேப் என்ற உலகப் புகழ்பெற்ற சாப்ட்வேர் கம்பெனியில் 2017 ஜனவரி 31-ந் தேதி ஒரு என்ஜினீயர் தவறான சர்வரில் அழிக்கும் உத்தரவைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜிபி டேட்டா நொடிகளில் காலி. 5 விதமான பேக்கப் முறை வைத்திருந்தார்கள். அவசரத்துக்குப் பார்த்தால் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை.

சோதனைக்காக 6 மணி நேரம் முன்பு எடுத்த ஒரு காப்பி தற்செயலாக இருந்ததால் தப்பித்தார்கள். ஆனால் அது இருந்த இடம் சோதனைக்கு வைத்திருந்த சாதா மெஷின். அதன் டிஸ்க் மெதுவானது. அங்கே இருந்து காப்பி செய்து முடிக்க மட்டும் சுமார் 18 மணி நேரம் ஆனது. சின்ன மெஷின் என்றால் இடம் மட்டும் பிரச்சினை இல்லை, நேரமும்தான். அந்தக் கம்பெனி எதையும் மூடி மறைக்காமல், மீட்பு வேலையை யூடியூப்பில் நேரடியாகக் காட்டியதைப் பாராட்டத்தான் வேண்டும்.

தென்கொரியாவில் நடந்தது இதைவிட மோசம். 2025 செப்டம்பர் 26-ந் தேதி டேஜோன் நகரில் உள்ள அரசு டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்து, 600க்கும் மேற்பட்ட அரசு சேவைகள் நின்றுபோயின. அரசு ஊழியர்கள் பைல் சேமித்து வைத்த ஜி-டிரைவ் என்ற அமைப்பில் இருந்த 858 டிபி அழிந்தது. அளவு ரொம்பப் பெரிது என்பதால் அதற்கு வெளியே பேக்கப்பே எடுக்கவில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள்.

உங்கள் கடையில் எப்படி?

ஸ்டூடியோ, ஜெராக்ஸ் கடை, மெடிக்கல், ஒர்க்‌ஷாப் என்று இப்போது எல்லா இடத்திலும் ஒரு கம்ப்யூட்டர் கணக்கு வைத்திருக்கிறது. சர்வீஸ்காரரிடம் "பேக்கப் ஓடுதா?" என்று கேட்டால் "ஓடுதுங்க" என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த மெஷின் இன்றைக்கே செத்தால், இங்கே இருக்கிற எந்த மெஷினில் இதை இறக்குவாய்? இறக்கிப் பார்த்தாயா? பதில் சொல்லத் தயங்கினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்து, கண் முன்னால் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். அன்றைக்கு தோற்றால் நஷ்டம் ஒரு டீதான்.

சிஸ்டம் பேக்கப்போடு டேட்டாவை மட்டும் தனியாக இன்னொரு காப்பி எடுப்பதும் கட்டாயம். பீரோ ஒரு பக்கம் இருக்கட்டும், மூட்டை ஒன்றும் கட்டி வையுங்கள். அவசரத்தில் உதவுவது மூட்டைதான்.

அந்த பனியன் கம்பெனியில் இப்போது சம்பளக் கணக்கு தினமும் 2 வேளை தனி டிஸ்க்குக்குப் போகிறது. யு.பி.எஸ்.சுக்குப் புது பேட்டரி வந்துவிட்டது. பேக்கப் டிஸ்க்கின் மேல் ஒரு துண்டுச் சீட்டு செலோ டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. 'டிஸ்க் 447 ஜிபி, ரேம் 8, பயாஸ் முறை, ஐ.பி. நம்பர் உள்பக்கம், சி.டி. மேனேஜர் டிராயரில்' என்று அதில் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருக்கிறார் அந்தப் பையன். கீழே கடைசியாக ரெஸ்டோர் செய்து பார்த்த தேதி. பழைய தேதிகள் 3 அடித்து, நாலாவது எழுதியிருந்தது.